பகைமை நீதியை மறைக்கலாமா?

“ஹஜ்ரத், யஹூதிகளில் நல்லவர் என்று எவரேனும் உண்டா?”

நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழும் இளைஞர் ஒருவர் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நம்மிடம் கேட்ட கேள்வி இது. சுரங்கத்தில் பணிபுரிபவர், தொழுகையை விடாதவர். அவருடைய கேள்வியில் குதர்க்கம் இல்லை, வேதனைதான் இருந்தது. காஸாவில் 2023ஆம் ஆண்டு முதல் நேர்ந்த அழிவையும், வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்தப்பட்ட சின்னஞ்சிறு மையித்துகளையும் கண்டு நெஞ்சு பதறாத முஸ்லிம் யார்? அநீதியைக் கண்டு மனம் கொதிப்பது குற்றமன்று; கொதிக்காமல் இருப்பதே குற்றம்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கின்றது. ஓர் அரசும் அதன் படையும் செய்வதற்கு, அந்த மதத்தின் பெயரைத் தாங்கிய மனிதர் ஒவ்வொருவரும் பொறுப்பாளியா? நம் வீடுகளில் கஞ்சனை ‘யஹூதி’ என்கின்றோம். வட்டி வாங்குபவனை ‘யஹூதி’ என்கின்றோம். சொத்துத் தகராறில் கோபம் மிஞ்சினால் உடன்பிறந்தவனையே அப்படி ஏசுகின்றோம். இத்தனைக்கும் நம்மில் மிகப் பெரும்பாலோர் ஒரு யூதரை நேரில் கண்டதேயில்லை. காணாத மனிதரின் பெயர் நம் நாவில் வசையாகி நிற்பது முறைதானா? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

இரு தராசுகள்

நெய்வேலிவாசிகளுக்கு இது விளங்காத விஷயமன்று. நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றி, மறு ஆண்டு சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாள் முதலாகப் பல திசை மக்கள் வந்து சேர்ந்த ஊர் இது. தங்கள் மண்ணைச் சுரங்கத்துக்கு விட்டுக் கொடுத்த கிராமத்தார் ஒருபுறம். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் மறுபுறம். குவார்ட்டர்ஸில் நம் சுவருக்கு அப்பால் குடியிருப்பவர் என்ன மொழி, என்ன மதம் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பணி ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறவர்கள்தாம் குவார்ட்டர்ஸ்காரர் அனைவரும்.

எங்கோ ஒரு நகரத்தில் குண்டு வெடிக்கின்றது. செய்தவன் பெயர் முஸ்லிம் பெயராக இருக்கின்றது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் நம்மைப் பார்க்கும் பார்வை சற்றே மாறுகின்றது. யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆயினும், ‘எவனோ செய்ததற்கு நான் என்ன செய்வேன்?’ என்று நம் நெஞ்சு குமுறுகின்றது. நியாயமான குமுறல்! அந்த நியாயத்தைப் பிறருக்காகவும் கேட்க நாம் தயாராக இருக்கின்றோமா என்பதே கேள்வி.

தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் செய்வோருக்குக் கேடுதான் என்று திருமறையின் 83ஆவது அத்தியாயம் எச்சரிக்கின்றது. அந்த எச்சரிக்கை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமா? மனிதரை எடைபோடும் தராசுக்கு இல்லையா?

மார்க்கம் காட்டும் வழி

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம். நீதி செலுத்துங்கள், அதுவே இறையச்சத்துக்கு நெருக்கமானது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தின் கருத்து. நண்பனிடம் நீதியாக நடக்கச் சொல்லத் தனிக் கட்டளை எதற்கு? வெறுப்பு இருக்குமிடத்தில்தான் நீதிக்குச் சோதனை. வேதக்காரர்களைப் பற்றிக் கடுமையாகக் கண்டிக்கும் அதே திருமறை, அவர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனத்தில் பிரித்துக் காட்டுவதையும் மறந்துவிடலாகாது.

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலாக வரும் பகுதி இறங்கிய வரலாற்றைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் விரிவாகக் கூறுகின்றனர். மதீனாவில் முஸ்லிம் என்று பெயர் கொண்டிருந்த ஒருவன் கவசமொன்றைத் திருடினான். அகப்பட்டுவிடுவோம் என்று அஞ்சி, பழியை ஒரு யூதர் மேல் போட்டான். அவனுடைய கோத்திரத்தாரும் ‘நம்மவன்’ என்று அவனுக்காகப் பரிந்து பேசினர். அப்போது இறைவனின் வஹீ இறங்கி அந்த யூதரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது; மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று கட்டளையிட்டது. மதீனாவின் யூதக் கோத்திரங்களுடன் பூசல்கள் நிகழ்ந்த காலம் அது. ஆயினும் ஒரு தனி மனிதருக்கு இழைக்கப்படவிருந்த அநீதியைத் தடுக்கத் திருமறை வசனங்கள் இறங்கின. என்னே நீதியின் உயரம்!

‘யஹூதி’ என்ற சொல்லை வசையாக வழங்குவோர் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் யூதக் குலத்தில் பிறந்தவர்கள். ‘யூதரின் மகள்’ என்று தம்மைக் குறித்துச் சொல்லப்பட்ட சொல் செவிக்கு எட்டி, அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, நீர் ஒரு நபியின் வழித்தோன்றல், உம் பெரிய தந்தை வழியினரும் ஒரு நபி, நீர் ஒரு நபியின் மனைவி, இதைவிடப் பெருமை யாருக்கு உண்டு என்று தேற்றினார்கள். சொன்னவரை இறைவனை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். திர்மிதீ கிரந்தத்தில் காணப்படும் செய்தி இது. அன்று நபிகளாரின் இல்லத்தில் கண்டிக்கப்பட்ட சொல் இன்று நம் இல்லங்களில் சரளமாகப் புழங்கலாமா?

நம் கரையில் வாழ்ந்தவர்கள்

யூதர் என்றதும் நம் நினைவு பலஸ்தீனத்துக்கு ஓடுகின்றது. ஆனால் அவர்கள் நம் தென்னகத்திலேயே ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள். கி.பி. 849இல் வேணாட்டு மன்னர் கொல்லத்துக் கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் இன்றும் உள்ளன. அதன் சாட்சிக் கையொப்பங்களில் சில கூஃபி எழுத்தில் அரபு மொழியிலும், சில ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியிலும் இருக்கின்றன. கிறிஸ்தவர்களுக்கு வழங்கிய உரிமைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சிகள்! அக்காலத்தில் மேற்குத் திசையிலிருந்து வந்த வணிகர்களின் கூட்டமைப்பு ‘அஞ்சுவண்ணம்’ எனப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 சிறப்புரிமைகளோடு வழங்கியது அந்த அஞ்சுவண்ணத்தைத்தான். தக்கலையில் முஸ்லிம்களிடையே இன்றும் வழங்கும் பெயரும் அஞ்சுவண்ணம்தான். ஒரே சொல் இரு சமூகத்தாருக்கும் உரியதாக இருந்தது என்றால், ஒரே துறைமுகத்தில் ஒரே கப்பலை எதிர்நோக்கி இருவரும் நின்றிருந்தார்கள் என்பதன்றி வேறென்ன?

சென்னையிலும் அவர்கள் இருந்தனர். 1688இல் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் ஆல்டர்மென்களில் யூத வணிகர்களும் இடம்பெற்றனர். மத்தியதரைக் கடலின் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்றவர்கள் அவர்கள். பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்த வணிகத்தின் மிச்சம்.

மராட்டியத்தின் கொங்கணக் கரையில் ‘பெனே இஸ்ராயீல்’ என்னும் கூட்டத்தார் செக்காட்டிப் பிழைத்தனர். வேத நூலறிவு அவர்களிடம் பெரிதும் மங்கிப்போயிருந்தது. ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டால் செக்கு நின்றுவிடும், மாட்டுக்கும் ஓய்வு. ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வேலை செய்யாத எண்ணெய்க்காரர் என்றே அழைத்தனர். கிதாபு மறந்தும் அமல் மறக்கவில்லை! இராப்பகலாக இயந்திரம் சுழலும் ஊரில், ஷிப்டுக்கு இடையே ஜும்ஆவுக்கு ஓடி வரும் நம் தொழிலாளர்களுக்கு அந்தச் செக்குக்காரரின் பற்றுறுதி நன்கு விளங்கும். நம் வசைச்சொல்லுக்குப் பின்னே நிற்கும் உண்மை மனிதர்களில் இந்த ஏழைச் செக்குக்காரரும் ஒருவர் என்பதை மறவாதீர்கள்.

மறைக்காத ஆலிம்

பழைய காலம் முழுவதும் பாலும் தேனுமாக ஓடியதென்று நாம் சொல்ல மாட்டோம். ஏறத்தாழ 1524இல் கொடுங்கல்லூர் யூதர்கள் மீது முஸ்லிம்கள் படையெடுத்துச் சென்றனர். பலர் கொல்லப்பட்டனர்; அவர்களுடைய வீடுகளும் ஆலயங்களும் அழிந்தன. இதை நமக்குச் சொல்பவர் எதிரியல்லர். நம் மதரஸாக்களில் ஷாஃபி மத்ஹப் சட்டத்துக்கு ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’ கிதாபை எழுதிய பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களே தமது ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் இதைப் பதிந்துள்ளார்கள். போர்த்துக்கீசியரின் கொடுமைகளை உலகுக்கு அறிவிக்க எழுதிய நூலில், தம்மவர் கை நீண்ட இடத்தையும் மறைக்காமல் எழுதிய நேர்மை அது. போர்த்துக்கீசியரின் தொல்லையும் சேர்ந்துகொள்ள, யூதர்கள் கொச்சி அரசரிடம் அடைக்கலம் புகுந்தனர். அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடமளித்தார். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் இன்றும் அங்கே நிற்கின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குர்துபாவில் பிறந்த யூதப் பேரறிஞர் மூஸா பின் மைமூன், முவஹ்ஹிதீன் ஆட்சியின் நெருக்கடியிலிருந்து குடும்பத்தோடு வெளியேறினார். இறுதியில் அவருக்கு மதிப்பளித்ததும் முஸ்லிம் ஆட்சிதான். கெய்ரோவில் சுல்தான் ஸலாஹுத்தீனின் அரசவையைச் சார்ந்த மருத்துவராக விளங்கினார், தம் தத்துவ நூலை அரபு மொழியில் எழுதினார், 1204இல் மறைந்தார். விரட்டியவரும் முஸ்லிம்களே, அணைத்தவரும் முஸ்லிம்களே. அப்படியானால் ‘முஸ்லிம்கள் இப்படித்தான்’ என்று ஒரே வார்த்தையில் யார் தீர்ப்புக் கூறிவிட முடியும்? நம்மைப் பற்றி அவ்வாறு கூற முடியாதென்றால், அவர்களைப் பற்றி மட்டும் எப்படிக் கூறுவது?

பழி சுமந்த மருத்துவர்

தடுப்பூசி போட்டுக்கொண்ட நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒரு யூதர் வால்டெமர் ஹாஃப்கின். ருஷ்யப் பேரரசின் ஒடெஸ்ஸாவில் 1860இல் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து காலரா தடுப்பூசியைப் பரப்பினார். பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது அதற்கும் மருந்து கண்டு, 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தம் உடம்பிலேயே போட்டுச் சோதித்தார். மக்கள் அஞ்சியபோது, ஆகா கான் ஸுல்தான் முஹம்மது ஷா தாமே பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு அந்த அச்சத்தைப் போக்கினார்.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் நரம்பு விறைப்பு நோய் கண்டு மாண்டனர். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. மருந்தைத் திறந்த இடத்திலேயே கருவி ஒன்று சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் பயன்பட்டது என்று அறிஞர்கள் எடுத்துக் காட்டிய பின்பே, 1907இல் அவர் பழியிலிருந்து விடுபட்டார். பல ஆண்டுகள் குற்றவாளியாக நின்ற அவரை நினைக்கும்போது, மதீனாவில் கவசத் திருட்டுப் பழி சுமத்தப்பட்ட அந்த யூதரே நம் நினைவுக்கு வருகின்றார். அவருக்காக வஹீ இறங்கியது. வஹீ நின்றுவிட்ட காலத்தில் அப்படிப்பட்டவருக்காக வாய் திறக்க வேண்டியவர்கள், அந்த வஹீயை ஓதுகின்ற நாமல்லவா?

கல்கத்தாவில் பிறந்து, 1971ஆம் ஆண்டு டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது இந்திய ராணுவத்தின் கீழைப் பிரிவில் தலைமை அதிகாரிகளில் ஒருவராக இருந்த ஜெனரல் ஜேக்கப், பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர். பம்பாயின் புகழ்பெற்ற கவிஞர் நிஸ்ஸிம் எஸெக்கியல், அந்தக் கொங்கணச் செக்குக்காரர்களின் வழியில் வந்தவர். இவர்களை ‘யஹூதி’ என்னும் ஒற்றை வசைக்குள் அடைத்துவிட முடியுமா?

பின்வரிசையில் நிறுத்தப்பட்டவர்

இனி, நமக்கே பாடமான ஒரு செய்தி. கொச்சியின் பரதேசி யூதர்கள், தம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று மார்க்கத்தில் சேர்ந்தவர்களின் வழிவந்தோரைத் தமக்குச் சமமாக நடத்தவில்லை. ஆலயத்தில் அவர்களுக்குச் சமமான இடமில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. இது தகுமா என்று 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவுக்குக் கேள்வி போயிற்று. அங்கிருந்த யூத மார்க்க அறிஞர் டேவிட் இப்னு ஸிம்ரா, முறைப்படி மார்க்கத்தில் சேர்ந்தவர்கள் சமமானவர்களே, மண உறவும் ஆகும் என்று தீர்ப்பெழுதினார். ஃபத்வா வந்தது, ஊர் வழக்கம் வென்றது!

சுமார் 400 ஆண்டுகளுக்குப் பின், அந்தப் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967), சென்னையில் சட்டம் பயின்ற வழக்கறிஞர். கொச்சி சட்டசபை உறுப்பினர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் ஆலயத்துக்குள்ளேயே கையாண்டு, ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். சமத்துவம் வந்து சேர்ந்த வேளையில், சமமாக உட்கார ஆளில்லை. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்தப் பத்துப் பேருக்கே பஞ்சமாயிற்று.

சகோதரர்களே! இது அவர்கள் கதை மட்டும்தானா? நம் பள்ளிவாசலின் ஸஃப்பில் அதிகாரியும் ஒப்பந்தத் தொழிலாளியும் தோளோடு தோள் நிற்கின்றனர். அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் ஸலாம் கொடுத்து வெளியே வந்த பின்? குவார்ட்டர்ஸின் அளவைப் பார்த்துத்தானே விருந்துக்கு அழைக்கின்றோம்? இஸ்லாத்தைத் தழுவி வந்த குடும்பத்துப் பையன் தொழுகையாளி, உழைப்பாளி என்று தெரிந்தும், ‘பூர்வீகம் என்ன?’ என்று கேட்டுப் பெண் கொடுக்கத் தயங்குகின்றோமே! ஃபத்வா நம்மிடமும் இருக்கின்றது. வழக்கம்தான் நம்மையும் வெல்கின்றது.

அமானிதம் காப்பவர்கள்

கொச்சியின் ஜெப ஆலயத் தெருவில் தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்திருந்த யூத மூதாட்டி ஒருவர் 2019இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். அவரை முதுமையில் பெற்ற தாய்போல் கவனித்து, கடையையும் காத்தவர் ஒரு முஸ்லிம் சகோதரர். கல்கத்தாவில் 1884இல் கட்டப்பட்ட மாகென் டேவிட் ஆலயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கித் துடைத்துப் பாதுகாத்து வருபவர்களும் முஸ்லிம்களே. அவ்வூரில் யூதப் பெண்களுக்கென 1881இல் தொடங்கிய பள்ளியில் இன்று பயிலும் மாணவியரில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். யாரும் ஆணையிட்டு இவர்கள் இதைச் செய்யவில்லை. அடுத்தவர் நம்மை நம்பி விட்டுச் சென்றது அமானிதம் என்ற அறிவே போதுமானதாயிற்று.

‘இப்படிப் பேசினால் பலஸ்தீன மக்களின் துயரம் இலேசாகிவிடாதா?’ என்று சிலர் கேட்கலாம். ஆகாது. வீடிழந்தவனுக்காகவும் பசித்தவனுக்காகவும் குரல் கொடுப்பது கடமை. அநீதி செய்யும் அரசை அநீதி அரசு என்றே சொல்ல வேண்டும். ஆனால் நீதியின் பெயரால் எழும் குரல் எல்லா உயிருக்கும் நீதி கேட்க வேண்டும். 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் கொல்லப்பட்ட அப்பாவிகளும் உயிர்கள்தாம். ஒரு யூதரின் ஜனாஸா சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதும், அது யூதருடையது என்று கூறப்பட்டபோது அதுவும் ஓர் உயிரல்லவா என்று வினவியதும் புகாரியில் உள்ள செய்திதானே! அதே அக்டோபர் மாதத்தில் நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையம் ஒன்றில் நூற்றுக்கணக்கான யூதர்கள் போர்நிறுத்தம் கேட்டு அமர்ந்து கைதானார்கள். தங்கள் பெயரால் அந்தப் போர் நடக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. யூதர் அனைவரையும் ஒன்றாக ஏசுபவர், காஸாவுக்காகச் சிறை புகுந்த அவர்களையும் சேர்த்தல்லவா ஏசுகின்றார்?

ஆகவே, செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. ‘யஹூதி’ என்பதை வசையாக வழங்குவதை இன்றோடு நிறுத்துவோம். பிள்ளைகள் சொன்னால் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் கண்ணீரைச் சொல்லித் திருத்துவோம். மக்தபுகளில் மதீனா யூதர்களின் துரோகத்தைச் சொல்லிக் கொடுக்கும் உஸ்தாதுமார்கள், திருட்டுப் பழியிலிருந்து விடுவிக்கப்பட்ட யூதரையும் அதே பாடத்தில் சேர்த்துச் சொல்லட்டும். ஒருவர் செய்ததை அவர் கணக்கில் மட்டும் எழுதப் பழகுவோம். மறுமையில் நம் ஏடு திறக்கப்படும்போது, நம் பெயர் தாங்கிய எவனோ ஒருவனின் பாவம் அதில் ஏறியிருக்கக் கூடாது என்றுதானே நாம் வேண்டுகின்றோம்?

யா அல்லாஹ்! ஒடுக்கப்பட்டோருக்காக அழும் கண்ணை எங்களுக்குக் கொடுத்தாய். வெறுப்பிலும் தவறாத தராசையும் எங்கள் கையில் கொடுப்பாயாக! ஆமீன்.